ஒன்பதாம் வகுப்புக்கு எந்த அரசுப் பள்ளி? டெல்லி வாசகிக்கு ஒரு பதில்

கிழக்கு டெல்லியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கும்பகோணம் பக்கத்துக் குடும்பம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து பதினாறு வருடம். மயூர் விகார் ஃபேஸ் 3இல் வாடகை வீடு. கணவருக்குத் தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இருவரும் பக்கத்திலேயே ஒரு சின்ன ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். கட்டணம், வேன், டியூஷன் என்று சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. வரும் ஏப்ரலில் மகளை நல்ல ரிசல்ட் காட்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டும் என்கிறார் கணவர். அவர் பார்த்து வைத்திருப்பது தெற்கு டெல்லியில் ஒரு பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஆர்.கே.புரத்தில் இருக்கும் அத்தை வீட்டு முகவரிக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுக் காட்டிவிடலாம் என்பது அவர் யோசனை. அரசுப் பள்ளிக்குப் போய்விட்டால் தமிழ்நாட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும் என்றும் நம்புகிறார். இன்னொரு பக்கம், எம்.பி. சிபாரிசில் மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாவில் (கே.வி.) இடம் வாங்கித் தருவதாக ஒருவர் 50,000 ரூபாய் கேட்கிறார். வாசகிக்குத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்க ஆசை. ஆனால் மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. மகளுக்கு டாக்டராக விருப்பம். அறிவியலில் 88, கணக்கில் 62. “தப்பான பள்ளியில் போட்டு அவள் எதிர்காலத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை” என்று முடிக்கிறார். தம்பியையும் இப்போதே மாற்றலாமா என்பது கடைசி வரியில் வரும் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

தூக்கம் கெடும் அளவுக்கு நிலைமை மோசமில்லை. உங்கள் கையில் இன்னும் நேரம் இருக்கிறது, வழியும் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களை இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

பணமும் முகவரியும்

அந்த 50,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கே.வி.களில் எம்.பி.க்களுக்கு இருந்த ஒதுக்கீட்டை 2022இலேயே எடுத்துவிட்டார்கள். உங்களிடம் பணம் கேட்பவர் இல்லாத ஒன்றை விற்கிறார். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள்.

கே.வி. மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழுக்கச் சரியில்லை. மற்றவர்களும் விண்ணப்பிக்கலாம், வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் காலியிடம் இருந்தால் இந்தி, ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்துக்கும் தலா 20 மதிப்பெண் என்று மூன்று மணி நேரத் தேர்வு வைப்பார்கள். அதில் தேறியவர்களையும் முன்னுரிமை வரிசைப்படிதான் எடுப்பார்கள். இடமாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த டெல்லியில் அந்த வரிசை உங்கள் மகள் வரை வருவது அரிது. ஏப்ரலில் அருகிலுள்ள கே.வி.யில் காலியிடம் பற்றி விசாரித்து ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். அதை நம்பி மற்ற கதவுகளை மூடிவிடாதீர்கள்.

முகவரி விஷயத்தில் உங்கள் கணவரிடம் நான் நேராகவே பேச விரும்புகிறேன். சார், குடியில்லாத வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போடுவது பொய் ஆவணம் தயாரிப்பது. தெரிந்துவிட்டால் சேர்க்கை ரத்தாகும், உங்கள் மீதும் அத்தை மீதும் வழக்குப் போட இடமுண்டு. அதைவிட எனக்குக் கவலை தருவது மகளின் நிலைமைதான். யார் கேட்டாலும் ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம் என்று நான்கு வருடம் அவள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தோழியை வீட்டுக்குக் கூப்பிட முடியாது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் தலையில் அந்தச் சுமையை வைக்காதீர்கள். உண்மையான உங்கள் முகவரிக்கே சேர்க்கை உரிமை இருக்கிறது. ஆதாரிலும் வாடகை ஒப்பந்தத்திலும் இப்போதைய வீட்டு முகவரி ஒன்றுபோல் இருக்கிறதா என்று மட்டும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். பல குடும்பங்களுக்கு ஏப்ரலில் தடங்கல் வருவது அங்கேதான்.

நூறு சதவீதம் எப்படி வருகிறது

பன்னிரண்டாம் வகுப்பில் எல்லாரும் தேறினார்கள் என்றால், பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்தவர்கள் தேறினார்கள் என்றுதான் பொருள். வராமல் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. டெல்லி அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தேங்கி நிற்பது ஒன்பதாம் வகுப்பில். 2023-24இல் ஒன்பதாம் வகுப்பில் தேறாதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது. இவர்களில் பலர் திறந்தநிலைப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள். சிலர் படிப்பையே விட்டுவிடுகிறார்கள். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் பள்ளியின் ரிசல்ட் நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெருமையில் பள்ளிக்கு எவ்வளவு பங்கு, முன்பே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் மகளுக்குக் கணக்கில் 62. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் 60 எடுக்கும் பிள்ளையை இந்தப் பள்ளி என்ன செய்கிறது? கூடுதல் வகுப்பு வைக்கிறதா, டியூஷனுக்குப் போகச் சொல்கிறதா, “ரிசல்ட் கெடும்” என்று வேறு பிரிவுக்குத் தள்ளுகிறதா? இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் வாசலில் தொங்கும் பேனரை விட அதிகம் சொல்லும். பள்ளியை நான் எடைபோடுவதே இதை வைத்துத்தான்.

பதிலைத் தேடவும் வழி இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் கட்டாயத் தகவல் பக்கம் ஒன்று வைக்க வேண்டும். கடந்த மூன்று வருடங்களில் பத்திலும் பன்னிரண்டிலும் எத்தனை பேர் தேர்வுக்குப் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டால் வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை கிடைக்கும். உதாரணத்துக்கு, ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்பில் 240 பேர், அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் 150 பேர் என்றால், மீதி 90 பேர் எங்கே என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பெயர்ப் பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். டெல்லியில் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளின் பெயரும் திட்டமும் ஆட்சிக்கு ஆட்சி மாறிவந்திருக்கின்றன. முதலில் பிரதிபா விகாஸ் வித்யாலயாக்கள், 2021இலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான சிறப்புப் பள்ளிகள், அவற்றுக்கென்று டெல்லிக்குத் தனி வாரியமும், 2025இல் சி.எம். ஸ்ரீ பள்ளிகள், அவை முதலில் தேர்வு வைத்தது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு. இப்படிப்பட்ட பள்ளியில் இடம் கிடைத்தால் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்த வருடம் எந்த வாரியத்தின் கீழ் இருக்கிறது? அடுத்த வருடமும் அதுதானா? பதினொன்றில் உயிரியல் இருக்கிறதா?

பதினொன்றாம் வகுப்பை இப்போதே பாருங்கள்

இந்தப் பகுதியை நீங்கள் இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். மகள் டாக்டராக நினைக்கிறாள் என்றால் நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒன்பதாம் வகுப்பை மட்டும் அல்ல, பதினொன்றையும் சேர்த்துத்தான்.

டெல்லி அரசின் மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் அறிவியல் பிரிவே கிடையாது. கலைப் பிரிவு எங்கும் இருக்கும், வணிகவியல் பல இடங்களில் இருக்கும். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, அறிவியல் இருக்கும் பள்ளியைத் தேடி மே, ஜூன் வெயிலில் அலையும் குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன். அந்த இடங்களை நிரப்பும்போது அதே பள்ளியில் பத்து முடித்தவர்களுக்குத்தான் பொதுவாக முதல் வாய்ப்பு. எனவே சுமாரான பெயருள்ள பள்ளியானாலும் அறிவியல் பிரிவும், இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு நிரந்தர ஆசிரியர்களும் இருந்தால், பெரிய பெயரோடு அறிவியல் இல்லாத பள்ளியை விட உங்களுக்கு அதுவே மேல்.

மாற்றுவதற்கு நல்ல தருணங்கள் இரண்டுதான்: ஒன்பதின் தொடக்கம், பதினொன்றின் தொடக்கம். ஒன்பதிலும் பதினொன்றிலும் சி.பி.எஸ்.இ.யில் பெயர் பதிவாகிவிடும். நடுவில் பத்திலோ பன்னிரண்டிலோ பள்ளி மாற்ற வாரியத்தின் அனுமதி வேண்டும். பெற்றோர் இடமாற்றம் போன்ற தக்க காரணம் காட்ட வேண்டும். “ஒரு வருடம் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்” என்று கணவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது அவ்வளவு சுலபமில்லை.

கணக்கு பற்றிய பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நீட் எழுதப் பதினொன்று, பன்னிரண்டில் கணிதம் கட்டாயமில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல்தான் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு அந்த மூன்றிலும் சேர்த்து 50 சதவீதம் இருந்தால் தகுதி உண்டு. அதற்குமேல் இடத்தைத் தீர்மானிப்பது நீட் மதிப்பெண். ஆனால் இயற்பியல் கணக்கில்லாமல் நடக்காது. பத்தாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ. கணிதத்தை பேசிக், ஸ்டாண்டர்டு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. மதிப்பெண் ஏறும் என்று யாராவது பேசிக் எடுக்கச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். பதினொன்றில் என்ன எடுப்பது என்று முடிவாகும்வரை ஸ்டாண்டர்டில் இருப்பதே நல்லது.

கல்லூரி ஒதுக்கீட்டில் இன்னொரு திருத்தம். தமிழ்நாட்டின் 7.5 சதவீதம், 2020இல் வந்த சட்டப்படி, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு. டெல்லி அரசுப் பள்ளியில் படிப்பது அதில் சேராது. அதற்காக மனம் தளர வேண்டாம். பதினொன்றும் பன்னிரண்டும் டெல்லிக்குள் உள்ள பள்ளியில் படித்தால் டெல்லியின் மருத்துவக் கல்லூரிகளில் 85 சதவீத மாநில ஒதுக்கீட்டில் அவள் போட்டியிடலாம். டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (டி.டி.யூ.) போன்றவற்றின் பொறியியல் இடங்களுக்கும் டெல்லிப் பள்ளியில் பன்னிரண்டு முடித்தவர்களுக்கு 85 சதவீதம் உண்டு. பூர்வீகம் தமிழ்நாடு என்பதால் இருப்பிடச் சான்றிதழோடு அங்கே பொதுவான கலந்தாய்விலும் விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் மருத்துவத்தில் இரண்டு மாநிலங்களிலும் உள்ளூர்க்காரர் என்று உரிமை கோர முடியாது. அந்த முடிவுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. இப்போது மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: வாடகை குறைவு என்று நொய்டாவுக்குக் குடிபோனாலும் அவள் பள்ளி டெல்லி எல்லைக்குள் இருக்க வேண்டும். டெல்லி அரசுப் பள்ளியில் சேர வீடும் டெல்லியில் இருக்க வேண்டும் என்பதால், அவள் சேர்ந்து நிலைபெறும்வரை வீடு மாற்றும் பேச்சே வேண்டாம்.

தமிழ்ப் பள்ளி, பக்கத்துப் பள்ளி

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு இந்த நகரத்தில் பல பள்ளிகள் உண்டு: மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், மோதி பாக், பூசா ரோடு, ஜனக்புரி, ராமகிருஷ்ணபுரம். அரசு உதவி பெறுபவை என்பதால் இப்போது கட்டுகிற தொகையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறையும். பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ.தான். தமிழ் எழுத வராது என்பதற்காகத் தயங்க வேண்டாம். அங்கே தமிழ் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகளும் படிக்கிறார்கள். மகள் இப்போது படிக்கும் இந்தியையே இரண்டாம் மொழியாகத் தொடரட்டும்; ஒன்பதாம் வகுப்பில் எழுத்தறிமுகமே இல்லாமல் தமிழைத் தேர்வுப் பாடமாக எடுப்பது அவளுக்குத் தண்டனை. தமிழ் எழுத்தை வீட்டில் நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். தமிழ்ச் சூழலில், தமிழ் ஆசிரியர்கள் நடுவில் இருப்பதே அவளுக்கு ஒரு தெம்பு. அது சின்ன விஷயமில்லை.

ஆனால் பயணம். ஃபேஸ் 3இல் மெட்ரோ நிலையம் இல்லை. ஆட்டோ பிடித்து மயூர் விகார் ஃபேஸ் 1 வந்தால் பிங்க் லைனில் ஐ.என்.ஏ. வரை மாறாமல் போகலாம். லக்ஷ்மிபாய் நகர்ப் பள்ளிக்கு அது வசதி. வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி மூடுபனியில் ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். கணவர் பார்த்திருக்கும் பள்ளிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் போக வர தினம் மூன்று மணி நேரம். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு அந்த மூன்று மணி நேரம்தான் வேண்டும்! நவம்பரில் காற்று கெட்டு, வகுப்புகள் ஆன்லைனும் நேரடியுமாக மாறி மாறி நடக்கும் வாரங்களையும் நினைத்துப் பாருங்கள். என் கருத்தில் ஒரு பக்கப் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

வீட்டுக்கு அருகிலுள்ள சர்வோதய கன்யா வித்யாலயா, அதாவது டெல்லி அரசின் பெண்கள் பள்ளி பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. “அங்கே எல்லாம் இந்தியில் நடக்கும்” என்று யாரோ சொன்னதோடு விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பேச்சு பெரும்பாலும் இந்தியில் இருக்கும், உண்மைதான். ஆனால் ஆங்கிலவழிப் பிரிவு பல பள்ளிகளில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து டெல்லியில் வளர்ந்த உங்கள் மகளுக்கு இந்தி தடையாகாது. பல அரசுப் பள்ளி வளாகங்களில் காலை ஷிப்ட் பெண்களுக்கு, மாலை ஷிப்ட் பையன்களுக்கு. அவள் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவாள். படிக்கவும் ஓய்வெடுக்கவும் பகல் மிஞ்சும்.

ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் போய் வாசலில் நில்லுங்கள். பெண்களின் கழிப்பறை பற்றி, சயின்ஸ் டீச்சர் வருகிறாரா என்பது பற்றி, வெளியே வரும் பிள்ளைகள் மறைக்காமல் சொல்வார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அந்த அம்மாக்களில் ஒருவரிடம் பேசுங்கள். எத்தனை நிரந்தர ஆசிரியர்கள், எத்தனை கெஸ்ட் டீச்சர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளியிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். நம்மவர் பள்ளி என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

நான்கு பக்கக் கடிதத்தில் மகள் என்ன நினைக்கிறாள் என்பதற்கு ஒரு வரிதான்: “அவள் எதுவும் சொல்லமாட்டாள்.” கேட்கும் விதத்தில் கேட்டால் சொல்வாள். “எந்தப் பள்ளி வேண்டும்” என்று கேட்காதீர்கள். அது அவளுக்கும் தெரியாது. இரண்டு பள்ளிகளுக்கும் அழைத்துக்கொண்டு போய், திரும்பி வரும் வழியில் எது பயமாக இருந்தது, எது பிடித்தது என்று கேளுங்கள். தோழிகளை விட்டுப் பிரியும் வருத்தம் அவளுக்கு இருக்கும். அதற்கும் இடம் கொடுங்கள்.

என் யோசனை இது. பக்கத்து சர்வோதயா பள்ளியில் அறிவியல் பிரிவும் ஆங்கிலவழியும் இருந்தால் அதை முதலில் வையுங்கள். இல்லையென்றால் லக்ஷ்மிபாய் நகர் அல்லது லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளி, அங்கே பதினொன்றில் உயிரியல் இருப்பதை உறுதி செய்துகொண்டு. ஒன்பதாம் வகுப்பில் வெளியிலிருந்து சேர்பவர்களுக்கான ஆன்லைன் பதிவைக் கல்வி இயக்குநரகம் அறிவித்ததும் முதல் நாட்களிலேயே பதிவு செய்துவிடுங்கள். தெற்கு டெல்லிப் பள்ளியை விட்டுவிடலாம். புதிய பள்ளியில் இடம் உறுதியாகும்வரை பழைய பள்ளியில் டிசி கேட்காதீர்கள். மிச்சமாகும் கட்டணத்தில் ஒரு பகுதியை அவள் கணக்கு டியூஷனுக்கு வைத்துவிடுங்கள். பள்ளிக்கே போகாமல் கோச்சிங் மட்டும் போகலாம் என்று ‘டம்மி’ பள்ளிக்கு யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பொதுத் தேர்வு எழுதுவதே சிக்கலாகும்.

தம்பியை இந்த வருடம் அசைக்க வேண்டாம். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இடம் என்பது தொடக்க வகுப்பில் சேர்பவர்களுக்கு. நாலாம் வகுப்பில் அது உங்களுக்கு உதவாது. கே.வி.யில் இரண்டாம் வகுப்புக்கு மேல் காலியிடம் இருந்தால் எட்டாம் வகுப்பு வரை நுழைவுத் தேர்வு இல்லாமல் முன்னுரிமைப்படி எடுக்கிறார்கள்; ஏப்ரலில் மகளுக்காகக் கே.வி.க்குப் போகும்போது அவனுக்கும் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றுவது இயல்பான இடம். அக்கா அதே பகுதியில் படித்துக்கொண்டிருந்தால் அப்போது அந்தப் பள்ளியைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்காது.